மழை சீசனில் டூரா? மலைக்கு எந்தப் பக்கம் போகிறீர்கள்?

"ஜூலை மாசம் கேரளா போலாம்னு இருக்கோம். மழை வருமா?"

இப்படிக் கேட்பவர்களிடம் என்ன சொல்வது? ஜூலையில் கேரளாவில் மழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்! இதே குடும்பம், "டிசம்பர் லீவுல திருச்செந்தூர் போய் குழந்தைக்கு மொட்டை போடணும். அப்ப மழையெல்லாம் முடிஞ்சிருக்கும் இல்லே?" என்றும் கேட்கும். அப்போதுதான் நமக்கு மழை சூடு பிடித்திருக்கும்.

விஷயம் இதுதான். தென்னாட்டில் மழை ஒரே தடவையில் வந்து போய்விடுவதில்லை. இரண்டு தடவை வருகிறது. இரண்டு திசையிலிருந்து வருகிறது. நடுவில் சுவர் மாதிரி நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூன் முதல் தேதி வாக்கில் கேரளாவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கத்துக்கு மிஞ்சுவது காற்றும், கணவாய் வழியே தப்பி வரும் கொஞ்சம் சாரலும்தான். மூணாறில் குடை பறக்கிற அன்றைக்கு மதுரையில் மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருக்கும்!

அக்டோபர் மூன்றாவது வாரம் காற்று திசை மாறும். இப்போது வங்கக்கடலின் முறை. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்வதுதான். மலையாளிகள் முதல் மழையை இடவப்பாதி என்றும், இரண்டாவதைத் துலாவர்ஷம் என்றும் மாதப் பெயராலேயே சொல்லிவிடுகிறார்கள். நம் வைகாசி அவர்களுக்கு இடவம், ஐப்பசி துலாம்.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்னால் காலண்டரையும் மேப்பையும் பக்கத்தில் வையுங்கள். ஜூன், ஜூலையில் வயதானவர்களோடு போவதென்றால் மதுரை, திருச்சி, ராமேஸ்வரம் என்று கிழக்குப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். வெயில் இருக்கும், வெள்ளம் இருக்காது. நவம்பர், டிசம்பர் என்றால் மைசூர், குடகுப் பக்கம் தேவலை. நீலகிரியில் மட்டும் ஒரு வேடிக்கை. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் நனையும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நனையும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில் மண்சரிவால் ரத்தாகிற செய்தி பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் பேப்பரில் வரும். இரண்டு பக்கமும் நிம்மதியாகச் சுற்ற ஜனவரி, பிப்ரவரிதான் வசதி. ஆனால் பள்ளிக்கூட லீவு நமக்காகவா விடுகிறார்கள்!

சரி, மழையில்தான் போயாக வேண்டும். என்ன செய்வது?

முதலில் மாத்திரை. ஸ்வெட்டர் அப்புறம். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது நினைவிருக்கிறதா? சுற்றிலும் வெள்ளம். நூற்றுக்கணக்கான பயணிகள். ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட வேண்டியிருந்தது. 19ஆம் தேதிதான் எல்லோரும் வெளியே வர முடிந்தது. அந்த ரயிலில் ஒரு சர்க்கரை நோயாளி, மூன்று நாள் டூருக்கு எண்ணி மூன்று நாள் மாத்திரை மட்டும் எடுத்துப் போயிருந்தால்? பி.பி., சர்க்கரை, இதய மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் எதுவானாலும் குறைந்தது நான்கைந்து நாளுக்கு அதிகப்படியாக வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பஸ்ஸின் டிக்கியில் போகிற பெட்டியில் போடாதீர்கள். கைப்பையில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, டாக்டர் சீட்டோடு இருக்கட்டும். இன்சுலினை ஹோட்டல் ஃபிரிட்ஜில் வைக்கும்போது ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உதவாது.

அடுத்தது தண்ணீர். வெளியே இவ்வளவு தண்ணீர் ஓடும்போது குடிக்கிற தண்ணீர்தான் கெடும். சாக்கடையும் குழாயும் கலக்கிற சீசன் இது. காய்ச்சி ஆறின தண்ணீர் கிடைத்தால் அதைக் குடியுங்கள், இல்லாவிட்டால் சீல் பிரிக்காத பாட்டில். 'காய்ச்சியது' என்றால் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்திருக்க வேண்டும். ஊட்டி மாதிரி உயரமான ஊரில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், அதனால் மூன்று நிமிஷம் விடுங்கள். ரோட்டோரத்தில் நறுக்கி வைத்த அன்னாசியும், ஐஸ் போட்ட ஜூஸும் வேண்டாம். ஆவி பறக்கிற இட்லிக்கு ஈடு எதுவும் இல்லை. கூடவே வருகிற சட்னியில்தான் எனக்குச் சந்தேகம்.

குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தால் மாத்திரை தேடி அலையாமல் முதலில் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் கூடவே கூடாது. வாய் உலர்ந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் உடனே ஆஸ்பத்திரி.

வயதானவர்களுக்கு எமன் வேறு ரூபத்தில் வருகிறான். கோயில் பிராகாரக் கல்! மழை பெய்து, எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். பாட்டி விழுந்தால் இடுப்பு எலும்பு. "நான் என்ன குழந்தையா?" என்று கோபித்துக்கொண்டாலும் கையை விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஈரச் செருப்பும் ஈர சாக்ஸும் போட்டுக்கொண்டு சுற்றக் கூடாது. தினமும் ராத்திரி கால் விரலிடுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மரத்துப்போன காலில் முள் குத்தியதுகூடத் தெரியாது.

அருவிக்குப் போகிறீர்களா? 2024 மே 17 அன்று, குற்றாலத்தில் சீசன் ஆரம்பிக்கும் முன்னாலேயே, பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றுவிட்டது. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ சோப்பைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். மலையில் அறை எடுக்கும்போது சரிவுக்கு அடியிலும், ஓடைக்கு ஒட்டியும் வேண்டாம். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மலை இறங்கி வந்தது விடியலுக்கு முன், எல்லோரும் தூங்குகிற நேரம். வானிலை அறிக்கையில் அந்த மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் இருபது சென்டிமீட்டருக்கு மேல் மழையை எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அட்வான்ஸ் போனால் போகட்டும், கேன்சல் செய்யுங்கள்.

அட்டைக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. பிய்த்து எறியாமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கம் நெம்பி எடுத்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் அந்தக் காட்டுப் பாதையைத் தவிர்க்கலாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. ஈரத் துணியும் துவைத்தாச்சு. இனிமேல்தான் கவனம் வேண்டும். மழைக்கால நோய்கள் பல, கடித்தவுடனே, குடித்தவுடனே வருவதில்லை. டெங்கு காய்ச்சல், பகலில் கடிக்கிற கொசுவால், நாலு முதல் பத்து நாளில் வரும். டைபாய்டு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம். தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை ஒரு மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும். புதரில் இருக்கிற பூச்சி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸில், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புத் தழும்பு இருக்கலாம். வலிக்காது, நீங்களே தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் வீடு வீடாக டாக்சிசைக்ளின் கொடுத்தது இதற்காகத்தான். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதே மாதிரி, எந்தக் காய்ச்சல் என்று தெரியாதவரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், ப்ரூஃபென் வகையறா ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்தே அப்போதுதான். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் தாமதிக்காமல் ஓடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆகஸ்ட் மாதம் ஆலப்புழைப் பக்கம் போய், முழங்கால் தண்ணீரில் ஒரு தெருவைக் கடந்தார். அவ்வளவுதான். ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் காய்ச்சல். கண் சிவந்திருந்தது, கெண்டைக்கால் கழன்று விழுகிற மாதிரி வலி. "கோயில் படி ஏறினதுல வந்த வலி"ன்னு தைலம் தேய்த்தார். டாக்டரிடம் போனபோதும் டூர் போனதைச் சொல்லவில்லை. பத்து நாள் பழசு, அதைப் போய் என்ன சொல்வது என்று நினைத்துவிட்டார். மூன்று நாள் கழித்து சிறுநீர் குறைந்து, கண்ணில் மஞ்சள் தட்டிய பிறகு, மனைவிதான், "டாக்டர், நாங்க போன மாசம் கேரளா போயிட்டு வந்தோம். இவர் வெள்ளத்துல நடந்தார்" என்றாராம். உடனே வேறு ரத்தப் பரிசோதனை எழுதினார் டாக்டர். பிழைத்துவிட்டார். ஆனால் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி.

அந்த அம்மாள் இப்போதெல்லாம் டூர் முடிந்து வந்ததும், போன தேதி, வந்த தேதி, தங்கின ஊர்கள், யார் எங்கே தண்ணீரில் இறங்கினார்கள், யாரை எது கடித்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சமையலறைக் காலண்டரில் குத்தி வைத்துவிடுகிறார். ஒரு மாதம் அது அங்கேயே தொங்கும்.