கூரை மேல் வெயில், கையில் காசில்லை!



சென்ற விடுமுறையில், வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் மாட்டும் சிறிய கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாமே. முதலாளி பேனலை ரொக்கத்துக்கு வாங்கி, வீட்டுக்காரர்களுக்குத் தவணையில் மாட்டிக் கொடுப்பார். ஆர்டர் குவிந்து கிடந்தது. ஆனால் ஃபிட்டர் அண்ணனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. "ஆர்டருக்கு ஒண்ணும் பஞ்சமில்ல தம்பி, காசுதான் இல்ல" என்றார். கொத்தனார் மகனான எனக்கு இது புரியவே இல்லை. எங்கள் வீட்டில் வேலை இருந்தால் கூலி உண்டு, அவ்வளவுதான் கணக்கு.

விடை தேடியபோது அமெரிக்காவில் போய் நின்றேன். இதே தொழிலை மிகப் பெரிதாகச் செய்து, பங்குச் சந்தை வரை ஏறிய கம்பெனிகள் அங்கேதான் இருந்தன. அவற்றில் சோலார்சிட்டி முக்கியமானது. 2006-இல் கலிபோர்னியாவில் ரைவ் சகோதரர்கள் இருவர் தொடங்கியது. ஈலான் மஸ்க் அதன் தலைவராக இருந்தார். மொத்தச் செலவைக் கேட்டாலே ஜனங்கள் பின்வாங்குகிறார்கள் என்று கண்டு, 2008-இல் ஒரு வழி கொண்டுவந்தார்கள். பேனல் கம்பெனியுடையது, செலவும் கம்பெனியுடையது. வீட்டுக்காரர் மாத வாடகை கட்டினால் போதும். பிற்பாடு இவ்வகை ஒப்பந்தங்களுக்கு 20 வருஷம் என்பது வழக்கமாயிற்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்ம ரூபாயில் ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூரைக்குச் செலவு 3 லட்சம், மாத வாடகை 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வருஷத்தில் 4,80,000 வரும். லாபம்தானே? ஆனால் போட்ட முதல் திரும்பவே பன்னிரண்டரை வருஷம் ஆகும், அதுவும் வட்டியைச் சேர்க்காமல். மாதம் 10 வீடு பிடித்தால் மாதாமாதம் 30 லட்சம் வெளியே போகும். ஒரு வருஷம் கழித்து, 120 வீட்டிலிருந்தும் சேர்ந்து வருவது மாதம் 2,40,000 மட்டுமே. இன்னும் வேகமாக வளர்ந்தால்? பள்ளம் இன்னும் ஆழமாகும். ஃபிட்டர் அண்ணன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பள்ளத்தை நிரப்ப அமெரிக்க அரசின் வரிச் சலுகை உதவியது. சோலார் செலவில் 30 சதவீதத்தை அப்போது வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. லாபமே காணாத கம்பெனிக்கு வரி ஏது, கழிப்பது எங்கே? ஆகவே பெரிய வரி கட்டுபவர்களைக் கூட்டுச் சேர்த்தார்கள். சலுகை அவர்களுக்கு, ரொக்கம் கம்பெனிக்கு. 2011-இல் கூகுள் மட்டுமே 28 கோடி டாலர் ஒதுக்கியது.

அதுவும் போதவில்லை. அடுத்த படிதான் பங்கு வெளியீடு. பங்குப் பணத்துக்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. ஆனால் தன் குறைகளைத் தானே ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும். பேனல்களின் மதிப்பைக் கூட்டிக் காட்டிச் சலுகை வாங்கினார்களா என்று அரசு விசாரிப்பதையும் சோலார்சிட்டி தன் விண்ணப்பத்தில் எழுதவேண்டி வந்தது. (2017-இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2.95 கோடி டாலர் கட்டி அதை முடித்தார்கள்.) பங்குக்கு 13 முதல் 15 டாலர் எதிர்பார்த்தவர்கள், 2012 டிசம்பரில் 8 டாலருக்கு இறங்கி வந்தார்கள். மானம் பார்த்து நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். கிடைத்தது 9.2 கோடி டாலர். முதல் நாளே விலை 11.79-க்கு ஏறியது.

பிறகு 2013 நவம்பரில், வீட்டுக்காரர்கள் இனிமேல் கட்டப்போகும் பணத்தைக் காட்டி 5.44 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். வட்டி 4.8 சதவீதம். எங்கம்மா அவசரத்துக்கு ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பார்கள். கழிவு போகும், ஆனால் காசு இன்றைக்கே கையில் இருக்கும். இதுவும் ஏறக்குறைய அதுதான்!

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிடா, இருபது வருஷம் வசூல் பண்றவன் இருபது வருஷம் இருப்பானா?" என்றார். அப்பா பள்ளிக்கூடம் போகாதவர்.

2016-இல் சோலார்சிட்டியை டெஸ்லா வாங்கிக்கொண்டது. 2019-இல் 12 டாலருக்குப் பங்கு வெளியிட்ட சன்னோவா, 2025 ஜூனில் திவால் மனு கொடுத்தது. 2022-க்குப் பிறகு வட்டி ஏறியது அதற்கு ஒரு பெரிய காரணம். கடனை நம்பி வளர்ந்த தொழில் அல்லவா, வட்டி ஏறினால் தாங்குமா? அந்தப் பேனல்களின் மேல் வெயில் என்னவோ அதே மாதிரிதான் அடிக்கிறது.

ஃபிட்டர் அண்ணனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அப்போ நம்ம முதலாளியும் ஒரு குட்டி சோலார்சிட்டின்னு சொல்லு!" என்று சிரித்தார். சம்பள பாக்கி இன்னும் வரவில்லை.