மேல்முறையீடும் நடுவுநிலைமையும்

குமுளிக்கு மேலே, இரு மாநில எல்லையிலுள்ள மலைமுடியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கின்றது. ஆண்டுக்கொருமுறை, சித்திரைப் பௌர்ணமியன்று, நம்மவர் அங்கு ஏறிச்சென்று வழிபடுகின்றனர். அவள் வழக்கை நாம் அறிவோம். ஆராயாது தண்டித்த பாண்டியன், தன் தீர்ப்பின்மீது எழுந்த முறையீட்டைத் தானே கேட்டான். பிழை உணர்ந்து உயிர்விட்டான். அவன் பெருமை குறையவில்லை. ஆயினும் மாண்ட கோவலன் சட்டத்தால் மீளவில்லை.

எல்லாரும் பாண்டியனைப்போலத் தம் பிழையைத் தாமே காண்பரோ? காணார் என்பதாலன்றோ, தாம் அளித்த தீர்ப்பின் மேல்முறையீட்டை எந்த நீதிபதியும் தாமே விசாரித்தல் கூடாது என்று இன்றைய சட்டம் விதிக்கின்றது. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 525 ஆம் பிரிவாக நிற்கின்றது.

ஆனால், ஆள் மாறினால் மட்டும் நடுவுநிலைமை வந்துவிடாது. விடுதலைத் தீர்ப்பை மேல்மன்றம் எவ்வாறு நோக்கவேண்டும் என்பதை இலண்டன் பிரிவி கவுன்சில் 1934 இல் வகுத்தது. சான்றுகள் அனைத்தையும் மீண்டும் ஆராயலாம். எனினும், சாட்சிகளை நேரிற் கண்ட நீதிபதியின் கருத்துக்கு மதிப்பளிக்கவேண்டும். ஐயத்தின் பயனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே தரவேண்டும்.

இதனை நம் எல்லைப்புற வழக்கொன்றிலேயே காணலாம். பாலக்காட்டை அடுத்த வாளையாறில் 2017 ஜனவரியில் 13 வயதுச் சிறுமியும், மார்ச்சில் அவள் 9 வயதுத் தங்கையும் வீட்டில் உயிரற்றுக் காணப்பட்டனர். ஏழைத் தொழிலாளர் குடும்பம் அது. பாலியல் வன்கொடுமைக் குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பாலக்காட்டு நீதிமன்றம் 2019 இல் விடுவித்தது. நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. எறணாகுளத்து உயர்நீதிமன்றம் 2021 ஜனவரி 6 அன்று அவ்விடுதலையை நீக்கிற்று. ஆயினும் எவரையும் குற்றவாளி என்று அது தீர்க்கவில்லை. புலனாய்விலும் வழக்கு நடத்தியதிலும் இருந்த குறைகளைச் சுட்டி, மறுவிசாரணைக்கே பணித்தது. தெருவின் குரலுக்காகத் தண்டிக்கவும் இல்லை. கீழ்மன்றத்தின் முகத்துக்காகப் பிழையை மூடவும் இல்லை. துலாக்கோலின் இயல்பு இதுவே.

வண்டிப்பெரியாற்றுத் தோட்ட லயத்தில் 2021 இல் 6 வயதுக் குழந்தையை இழந்த வழக்கிலும், 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் விடுதலை வழங்கியபின் மேல்முறையீடு எழுந்தது. அக்குழந்தையின் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையை வைத்துப் பார்க்கையில் நெஞ்சு பதறுகின்றது. ஆனால், பிழையாகக் கைதாகிக் கூண்டில் நிற்பவனும் நாளை நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். இருவருக்கும் வேண்டுவது ஒரே கோல்தான்.

ஆகவே நம் குடும்பத்தார் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும். 2009 ஆம் ஆண்டுத் திருத்தத்தால், விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டோரே மேல்முறையீடு செய்யும் உரிமை பெற்றனர். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் அறியாத மொழியில் சாட்சியம் நிகழின், அவர் அறிந்த மொழியில் அதைப் பெயர்த்துச் சொல்லுதல் மன்றத்தின் கடமை. தமிழ் மட்டுமே அறிந்தவர் இதனைத் தயங்காது கேட்டுப் பெறுக.

சினம் நியாயமானதே. எனினும் தீர்ப்பு வேண்டிச் சிலம்பை ஏந்தி மன்றம் ஏறியவள் வழிவந்தோர் நாம். சான்றோடு மன்றம் ஏறுவோமாக.