40 எடுத்தாதான் காசு!

செமஸ்டரில் பாஸாக எத்தனை மார்க் வேணும்னு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவோம். ஆனா, உடம்பு எத்தனை பர்சன்ட் கெட்டுப்போனா சர்க்கார் உதவி கிடைக்கும்னு தெரியுமா பாஸ்? 40!

இதை எனக்குச் சொன்னது எங்க டிபார்ட்மென்ட் ஃபைனல் இயர் அக்கா. "பேர் மட்டும் போட்டுடாதேடா, வீட்டில் இன்னும் சொந்தக்காரங்களுக்கே சொல்லலை" என்ற கண்டிஷனோடுதான் பேசவே ஆரம்பித்தார்.

செகண்ட் இயரில் ஒருநாள் லேப்பில் இருக்கும்போது அவருக்கு வலது கண் மங்கியது. பவர் ஏறியிருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குப் போனார். சில வாரத்தில் தானாகவே சரியானது. தேர்ட் இயரில் இடது கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்... மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால், ஒயரோட இன்சுலேஷன் உரிந்துபோகிற கதை. நரம்பைச் சுற்றி மயலின் என்று ஒரு உறை இருக்கிறது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அதை எதிரி என்று நினைத்து அரிக்க, மூளையிலிருந்து போகிற சிக்னல் தடுமாறுகிறது. தொற்று நோய் இல்லை. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2, 3 மடங்கு அதிகம். அதாவது, இது தாத்தா பாட்டி சமாசாரம் இல்லை... நம்ம செட் சமாசாரம்!

பூரணமாகக் குணமாக்க மருந்து கிடையாது. ஆனால், அடுத்த அட்டாக்கைத் தள்ளிப்போட, குறைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. அதை வருஷக்கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும். அங்கேதான் காசு வந்து நிற்கிறது. அக்காவின் அப்பா டூவீலர் மெக்கானிக்.

இன்ஷூரன்ஸ் என்ன சொன்னது?

கொடிய நோய்களுக்கு மொத்தமாகப் பணம் தரும் பாலிசி ஒன்றை அப்பா எடுத்து வைத்திருந்தார். நோய்ப் பட்டியலில் எம்.எஸ். பெயரும் இருந்தது. சந்தோஷமாகப் போனால், கம்பெனி கையை விரித்துவிட்டது. காரணம், இந்த பாலிசிகளுக்கான பொது விதிப்படி பாதிப்பு விடாமல் 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அக்காவுக்கோ சில வாரத்தில் சரியாகிவிட்டது. "சீக்கிரம் நல்லானது என் தப்பா?" என்று சிரிக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் வருட ஊனமுற்றோர் சட்டத்தில் 7 வகை பாதிப்புகள்தான் இருந்தன. 2016-ல் வந்த புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. எம்.எஸ். அதில் ஒன்று. 40 சதவிகிதம் பாதிப்பு என்று சான்றிதழ் கிடைத்தால், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் உயர்கல்விக்கான 5 சதவிகித இட ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். பெற்றோரின் வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழக அரசின் மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலில் எம்.எஸ். நோயாளிகளும் உண்டு. 2023 ஜனவரியில் அந்தத் தொகை 2,000 ரூபாய் ஆனது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 40-ஐ வாங்குவதுதான் அரியர் கிளியர் பண்ணுவதைவிடக் கஷ்டம்.

"மெடிக்கல் போர்டில் 'நடந்து காட்டும்மா'ன்னாங்க. நடந்தேன். நல்லாவே நடந்தேன். 40-க்குக் கீழதான் போட்டாங்க. போன மாசம் கூப்பிட்டிருந்தா பாத்ரூமுக்கே சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போயிருப்பேன். இந்த நோய் வரும், போகும்டா. அவங்க பார்க்கிறது அன்னிக்கு ஒருநாள் மட்டும்தான்."

கொஞ்சம் நிறுத்தி, அவரே ஒரு கணக்கும் போட்டார். "மருந்து எடுத்தா பர்சன்ட் ஏறாது. பர்சன்ட் ஏறலைன்னா காசு வராது. காசு இல்லைன்னா மருந்து இல்லை. மருந்து இல்லைன்னா... பர்சன்ட் தானா ஏறிடும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் ஹாஸ்டலில் நாங்கள் கலெக்ஷன் போட்டோம். முதல் மாதம் டப்பா நிரம்பியது. மூன்றாவது மாதம் பாதிகூட இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாருக்கும் மெஸ் பில் இருக்கிறது. ஒருதடவை ஆபரேஷன் என்றால் டப்பா போதும். ஆயுசு முழுக்க வாங்க வேண்டிய மருந்துக்கு டப்பா தாங்காது. ஊனம் வந்த பிறகு தரும் உதவியை, ஊனம் வராமல் தடுக்கும் மருந்துக்கும் தரலாமே என்பதுதான் அக்காவின் கேள்வி.

அதற்கு ஒரு சின்ன வெளிச்சம் தெரிகிறது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதல்முறையாக எம்.எஸ். மருந்துகளைச் சேர்த்தது. மொத்தம் 3: கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப். இதில் ரிட்டுக்சிமாபின் விலை குறைந்த மாற்று 2007-லிருந்தே இந்தியாவில் தயாராகிறது.

உங்க ஃப்ரெண்டுக்கு எம்.எஸ். என்றால்...

* ஒவ்வொரு அட்டாக்கையும் தேதியோடு ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நல்லா இருக்கிற நாளில் போர்டு முன்னாடி நிற்கும்போது அந்தச் சீட்டுதான் பேசும்.

* சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனில் பதியலாம்.

* மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1985 முதல் இயங்குகிறது. சென்னையிலும் கிளை உண்டு. மருந்து உதவி பற்றி அங்கே விசாரியுங்கள்.

* அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். அட்மிட் ஆகி ஊசி போட்டால் முதல்வர் காப்பீட்டில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் அக்கா மறுபடி போர்டுக்குப் போகிறார். ஃபைல் இப்போது குண்டாகிவிட்டது. வெயிலில் ரொம்ப நேரம் நின்றால் அவருக்குக் கால் துவண்டுவிடும். அதனால், வரிசையில் இடம் பிடித்து நிற்கப்போவது நான். ஒரு நாள் அட்டெண்டன்ஸ் போனால் போகட்டும்!