வண்டிக்குத் தார்ப்பாய்: மிச்சமாவது டீசலா, காய்கறியா?

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் அடிக்கடி பேசுகிறோம். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகிற செலவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. காடு விளைந்தும் கை நிறையவில்லை என்றால், பாதிக் காரணம் வண்டி வாடகையும் டீசலும்தான். அதனால் இன்று சின்னச் சரக்கு வண்டியைப் பற்றிப் பேசலாம். அதன் மேல் போடுகிற தார்ப்பாய், பின்கதவு, எதிரே வருகிற காற்று ஆகிய மூன்றுக்கும் டீசல் செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டி வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பல கம்பெனிகளின் பிக்கப் வண்டிகளும் கிராமத்துக்குள் வந்துவிட்டன. முன்பு லாரிக்காகக் காத்திருந்தவர்கள் இன்று நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன வண்டி பிடித்து, அறுத்த அன்றைக்கே சந்தையில் இறக்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இந்த வண்டிகளைச் சுற்றிச் சில நம்பிக்கைகளும் வளர்ந்திருக்கின்றன. "பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் காற்று வெளியே போயிடும், மைலேஜ் கூடும்" என்பார் ஒருவர். "மேலே மூடி போட்டுவிடுங்கள், டீசல் பாதியாகக் குறையும்" என்பார் இன்னொருவர். இதில் எது சரி?

முதலில் காற்று என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டிக்கும் அதே கதைதான். ஓடுகிற வண்டியை இரண்டு விஷயங்கள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் ரோட்டில் உருளும்போது உண்டாகிற இழுப்பு. இது பாரத்தைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. இரண்டாவது, காற்றின் எதிர்ப்பு. இது வேகத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி ஏறும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுமையோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள ஒரு சின்ன பிக்கப் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமமான தார்ரோட்டில் டயர் இழுப்பு ஏறத்தாழ 19 கிலோ. அதாவது 19 கிலோ எடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் எவ்வளவு விசையோடு இழுக்குமோ, அவ்வளவு. காற்றின் எதிர்ப்பு, 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 9 கிலோ. 60-ல் சுமார் 20 கிலோ. 80-ல் சுமார் 36 கிலோ. இரண்டையும் கூட்டினால் 40-ல் 28 கிலோ, 60-ல் 39 கிலோ, 80-ல் 55 கிலோ. வண்டிக்கு வண்டி இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் போக்கு இதுதான். 40-ல் டயர்தான் பெரிய செலவாளி. 60-ல் டயரும் காற்றும் சரிசமம். 80-ல் காற்று ஒன்றே டயரைப் போல இரண்டு மடங்கு தின்கிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ஊருக்குள்ளும் மண்பாதையிலும் முப்பது, நாற்பதில் போகிற வண்டிக்கு மூடி போட்டாலும் போடாவிட்டாலும் டீசலில் வித்தியாசம் தெரியாது. அங்கே கவனிக்க வேண்டியது டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பதைத்தான். காற்றின் கணக்கு பெரிய ரோட்டில் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இப்போது பின்கதவு விஷயத்துக்கு வருவோம். இது நம் ஊரில் மட்டும் உள்ள நம்பிக்கை அல்ல. அமெரிக்காவில் குடும்பக்காரர்கள்கூட பிக்கப் வண்டிதான் நிறைய வைத்திருக்கிறார்கள். அங்கேயும் காலி வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டால் டீசலோ பெட்ரோலோ மிச்சமாகும் என்று வெகுகாலம் நம்பினார்கள். பெரிய மின்விசிறி வைத்துக் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கிற கூடத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தபோது, பொதுவாகக் கதவு மூடியிருப்பதே நல்லது என்று தெரிந்தது.

ஏன் அப்படி? வாய்க்காலில் ஒரு கல் கிடந்தால் அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடாமல் ஒரு சுழியாக நின்று சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வருகிற தண்ணீர் அந்தச் சுழியின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். வண்டியிலும் அதேதான். கேபின் கூரையைத் தாண்டி வருகிற காற்று, காலித் தொட்டிக்குள் மெதுவாகச் சுற்றுகிற காற்றின் மேல் வழுக்கி, பின்கதவுக்கு மேலாகப் போய்விடுகிறது. அந்தச் சுழியே ஒரு மூடி மாதிரி வேலை செய்கிறது. கதவைத் திறந்தால் சுழி கலைந்துவிடும். மேலே போகவேண்டிய காற்று கேபினுக்குப் பின்னால் சரிந்து இறங்கும். கேபினைப் பின்னால் பிடித்து இழுத்த மாதிரி ஆகும். ஆகவே கதவைத் திறந்து தொங்கவிடாதீர்கள். டீசலும் மிச்சமாகாது, சரக்கும் சரியும், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஆபத்து.

காலியாகத் திரும்பும்போது காற்றின் பங்கு இன்னும் பெரிது என்பதையும் நினைவில் வையுங்கள். பாரம் இறங்கியதும் டயர் இழுப்பு 19-லிருந்து 10 கிலோவாகக் குறைகிறது. ஆனால் 60 வேகத்தில் காற்றின் எதிர்ப்பு அதே 20 கிலோதான். சரக்கு இறக்கியாச்சு என்று தார்ப்பாயை ஒரு ஓரத்தில் கட்டிப் பறக்கவிட்டு வராதீர்கள். மடித்து உள்ளே வையுங்கள். வளைவுக் கம்பிகளைக் கழற்ற முடியுமானால் கழற்றிப் படுக்க வையுங்கள். கதவைச் சாத்துங்கள்.

அடுத்து, மூடி. தொட்டியின் விளிம்புக்குச் சமமாக, மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டின தட்டையான உறை காற்றின் எதிர்ப்பைக் கொஞ்சம் குறைக்கும். நூற்றுக்கு 5 குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். 60 வேகத்தில் 20 கிலோ 19 ஆகும். மொத்த இழுப்பு 39-லிருந்து 38. நூறு ரூபாய்க்கு இரண்டரை ரூபாய் மிச்சம். திண்டிவனம் பக்கத்திலிருந்து கோயம்பேடு சுமார் 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி ஏழரை லிட்டர் குடிக்கும். அதில் மிச்சமாவது கால் லிட்டருக்கும் குறைவு. டீசல் பாதியாகக் குறையும் என்று சொல்லி யாராவது விலை உயர்ந்த மூடியை உங்கள் தலையில் கட்ட வந்தால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மூடியால் லாபம் கொஞ்சம்தான். ஆனால் தப்பாகப் போட்டால் நஷ்டம் பெரிது. கேபினுக்கு மேலே அரை மீட்டர் உயரத்துக்குச் சரக்கை அடுக்கித் தார்ப்பாய் போர்த்தினால், காற்றுக்கு எதிரே வண்டி காட்டுகிற பரப்பு மூன்றில் ஒரு பங்கு அளவு கூடிவிடும். 60 வேகத்தில் 20 கிலோவாக இருந்த எதிர்ப்பு 26-ஐத் தொடும். தட்டை மூடி மிச்சப்படுத்துவதைப் போல ஆறு மடங்கு இதில் போய்விடும். தளர்ந்த தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தால் இன்னும் மோசம், தார்ப்பாயும் கிழியும்.

ஆகவே சரக்கைத் தொட்டி முழுக்கப் பரப்பி, கேபின் உயரத்துக்குள் அடக்கப் பாருங்கள். தார்ப்பாயின் முன் விளிம்பை முதலில் கட்டுங்கள். காற்று உள்ளே புகுகிற வாசல் அதுதான். இரண்டு துண்டு போட்டால், முன்துண்டின் வால் பின்துண்டின் தலைக்கு மேலே படியணும். பின்துண்டு மேலே இருந்தால் காற்று அதைத் தூக்கிவிடும். கொக்கிக்குக் கொக்கி கயிற்றைக் குறுக்கே போட்டு இறுக்குங்கள். பத்து கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்திக் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சரக்கு அமுங்கிக் கயிறு தளர்ந்திருக்கும்.

அப்படியானால் தார்ப்பாய் எதற்கு என்று கேட்கலாம். தார்ப்பாய் காப்பாற்றுவது முக்கியமாகச் சரக்கை. கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். எடையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு ஈரம் போனாலே கீரை வாடிப்போகும், வாங்குகிறவர் முகத்தைச் சுளிப்பார். திறந்த வண்டியில் இரண்டு மணி நேரம் காற்று அடித்தால் மேல்கட்டுகளின் கதி என்ன? 500 கிலோ கீரையில் நூற்றுக்கு 3 என்றால் 15 கிலோ. அந்த 15 கிலோவோடு, வாடின சரக்குக்குக் குறைத்துக் கேட்கிற விலையையும் சேர்த்துப் பாருங்கள். கால் லிட்டர் டீசல் எங்கே, இது எங்கே! கீரை, கொத்தமல்லி, புதினாவுக்கு மேலே ஈரச்சாக்கு விரித்து அதற்கு மேல் தார்ப்பாய் கட்டுங்கள். பகல் வெயிலில் கறுப்புத் தார்ப்பாயைச் சரக்கோடு ஒட்டிப் போர்த்தினால் உள்ளே வெந்துவிடும். வெளிர் நிறம் நல்லது. வெங்காயத்துக்குக் காற்று வேணும். அதற்கு மழை வந்தால் மட்டும் மூடினால் போதும்.

கடைசியாக, டீசலை உண்மையிலேயே மிச்சப்படுத்துகிற வழி. அதற்குக் காசே வேண்டாம். 80-ல் ஓட்டுகிறவர் 60-க்கு இறங்கினால் மொத்த இழுப்பு 55-லிருந்து 39 ஆகிறது. நூற்றுக்கு 29 குறைவு. எஞ்சினுக்கு வேறு செலவுகளும் உண்டு என்பதால் டீசல் அதே அளவு குறையாது. ஆனாலும் எந்த மூடியும் தராத மிச்சம் இது. 120 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம்தான் கூடுதலாகும். அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். டிரைவர் தம்பியிடமும் பொறுமையாகச் சொல்லி வையுங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து பொள்ளாச்சி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் முகத்துக்கு நேராக அடிக்கும். 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 60-ல் ஓட்டினால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 80-ல் போகிறீர்கள். எதிர்ப்பு 36 கிலோ. அந்த மாதங்களில் இன்னும் பத்து குறைத்து ஓட்டுங்கள்.

நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். உரம் போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்களே, அதே மாதிரி சோதியுங்கள். டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்து அதே பங்கில் மறுபடி நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே ரோடு, ஏறத்தாழ ஒரே பாரம். நாலு நடை பழையபடி. நாலு நடை நிதானமான வேகம், இறுக்கிய தார்ப்பாய், சாத்தின கதவு. எட்டாவது நடையில் உங்கள் நோட்டே பதில் சொல்லிவிடும்.