எங்கள் வீட்டு மீன் அறை

"வீட்டிலே மீன் வளர்த்தால் மனசுக்கு எவ்வளவு இதமா இருக்கும் தெரியுமா!" என்று சொல்லாதவர்கள் இல்லை. வாஸ்தவம்தான். ஆனால் ஓர் அறை முழுக்கத் தொட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் என்னிடம் யாராவது யோசனை கேட்டால், "இதம் இருக்கட்டும், முதல்லே உங்க வீட்டுத் தரை தாங்குமான்னு பாருங்க" என்றுதான் சொல்வேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர். கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் 800 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டு மாடித் தளங்களைப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் கட்டுகிறார்கள். இரண்டடித் தண்ணீரோ அதே சதுர மீட்டரில் 600 கிலோவுக்கு மேல் அழுத்தும். ஆகவே பெரிய தொட்டி என்றால் தரைத் தளம்தான். மாடி வீட்டுக்காரர்கள் இரண்டடித் தொட்டி ஒன்றோடு திருப்திப்படுவது நல்லது. அதையும் அறை நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக வைக்க வேண்டும்.

எங்களுடையது வில்லிவாக்கத்தில் பழைய தனி வீடு. பக்கத்திலேயே கொளத்தூர். அலங்கார மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பெயர் போன ஊர். என் கணவர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த நாளிலிருந்தே அந்தக் கடைகளின் வாசலில் தவம் கிடந்தவர். 2014-ல் மாமியார் காலமான பிறகு அவருடைய அறை பூட்டியே கிடந்தது. குளியலறையை ஒட்டிய அறை. தண்ணீர் கொண்டுவரவும் வெளியேற்றவும் சௌகரியம். 2015 ஜனவரியில் கட்டம் போட்ட காகிதத்தில் படம் வரைந்து, "இதை மீன் ரூம் ஆக்கிடலாமா?" என்று கேட்டார். ஆறடித் தொட்டி ஒன்று, மூன்றடித் தொட்டி நாலு, குஞ்சுகளுக்கென்று இரண்டடித் தொட்டி எட்டு. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 1900 லிட்டர். நம் மொட்டை மாடிகளில் இருக்குமே ஆயிரம் லிட்டர் டேங்க், அதில் இரண்டை அறைக்குள் வைத்த மாதிரி! வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை போன பிறகு அவர் ஆசையாகக் கேட்டது அது ஒன்றுதான்.

தரைக்கு டைல்ஸ் போட்டு, மூலையில் வடிகாலை நோக்கி லேசாகச் சரிவு வைத்தோம். இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு வெல்டிங் ஆகி வந்தது. அந்த ஆகஸ்டில் ஒருநாள் காலையில் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. "என்னங்க?" என்றால் பதில் இல்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை தூக்க வரவில்லை. பக்கவாதம். அப்போது அவருக்கு வயது 46.

இந்த இடத்தில் மீனை விட்டுவிட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். முகம் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சு குழறுவது. இந்த மூன்றில் எது திடீரென்று வந்தாலும், "பித்தமா இருக்கும், படுத்தா சரியாயிடும்" என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். மூளை ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இவர் உயிர் பிழைத்தார், கொஞ்ச நாளில் கால் ஊன்றி நடந்தார். பேச்சுதான் போய்விட்டது. வலது பக்கம் விழும்போது பேச்சும் சேர்ந்து பாதிக்கப்படுவது சகஜமாம். பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பாதியில் இருப்பதால் அப்படி.

வேலை போயிற்று. பையன் ப்ளஸ் டூ. நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகளில்தான் வீடு ஓடியது. டிசம்பர் வெள்ளத்தில் அந்த அறைக்குள் ஒரு சாண் தண்ணீர் வேறு. "ஸ்டாண்டை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். போட்டிருப்பேன். ஆனால் கண்ணாடிக்காரரிடம் கொடுத்த முன்பணத்தைக் கேட்டபோது, "பணமா தர்றதுக்கில்லேம்மா, வேணும்னா தொட்டியா எடுத்துக்கோங்க" என்று கையை விரித்துவிட்டார். சரி, தொட்டியாகவே கொடு என்று சொல்லிவிட்டேன். வைராக்கியமும் இல்லை, லட்சியமும் இல்லை. கொடுத்த காசுக்குச் சாமானாவது வரட்டுமே என்றுதான்!

தொட்டிகள் வந்தன. புதிதாகச் சிலிக்கோன் வைத்து ஒட்டிய தொட்டியில் வினிகர் வாசனை அடிக்கும். அது அடங்கிய பிறகு முற்றத்தில் வைத்து, நிரப்பி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் ஒரு மூன்றடித் தொட்டி மூலையில் கசிந்தது, திருப்பி அனுப்பினோம். ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே தெர்மாகோல் விரிப்பது அவசியம். அடியில் துளி மேடு பள்ளம் இருந்தாலும் பாரம் ஒரே இடத்தில் இறங்கிக் கண்ணாடி விரிசல் விடும்.

தண்ணீர் ஊற்றியதும் மீனை விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது விஷம். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். வேறு வகை பாக்டீரியா அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அதே தத்துவம்தான் இங்கேயும்! நன்றாக நடக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து புதுத் தொட்டியில் பிழிந்தால் சீக்கிரம் 'உறையும்'. எனக்கு உறை ஸ்பாஞ்ச் கொடுத்தவர் கொளத்தூரில் மொட்டை மாடியில் மீன் வளர்க்கும் ஒரு அம்மாள். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். க்ளோரின் பட்டால் பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

எங்கள் போர் தண்ணீர் கடினமானது; பருப்பு வேக மறுக்கும். ஆனால் கப்பிக்கும் மோலிக்கும் அது தேவாமிர்தம். இந்த ஊர் உஷ்ணத்துக்கு ஹீட்டர் வாங்கும் செலவும் இல்லை. புது மீன் எது வந்தாலும் தனித் தொட்டியில் மூன்று வாரம் இருந்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேரும். ஒரு தடவை வாங்கிய பிளாட்டி மீன்கள் மேல் ஐந்தாம் நாள் உப்புப் பொடி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. தனியாக இருந்ததால் நோய் அங்கேயே நின்றது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறக்கக் கூடிய நாளா அது? மத்தியானம் போன கரண்ட் எங்கள் தெருவுக்குத் திரும்பி வர நாலு நாள் ஆயிற்று. மரம் விழுந்து தெருவே மூடிவிட்டது. இன்வர்ட்டர் அன்று ராத்திரியே உயிரை விட்டது. ஏர் பம்ப் நின்றால் நெருக்கமாக மீன் உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

தீனியை அடியோடு நிறுத்தினேன். தின்னாவிட்டால் நாலு நாளில் மீன் சாகாது. தின்றால் கழிவு, கழிவினால் அம்மோனியா. பிறகு சொம்பில் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றும்போது காற்று கலக்கும். ஒரு தொட்டிக்கு முப்பது சொம்பு, பிறகு அடுத்தது. பதின்மூன்று தொட்டி முடிந்தால் திரும்பவும் முதல் தொட்டி. நானும் பையனும் முறை போட்டுக்கொண்டு செய்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் கண் விழித்துப் பார்க்கிறேன், மெழுகுவத்தி வெளிச்சத்தில் இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு இடது கையால் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கூடவே குரல் கேட்கிறது. "பதினொண்ணு... பன்னெண்டு... பதிமூணு..."

ஒன்றரை வருஷமாக "ம்", "இல்லே" தவிர வேறு பேச்சு இல்லாதவர்! பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அப்புறம் கேட்டேன். எண்களும் கிழமைகளும் வரிசையாக வருவதால், சிலருக்கு மற்ற பேச்சு போன பிறகும் அவை தங்கியிருக்குமாம். "இதையே பிடிச்சிக்கிட்டு மேலே போகலாம்மா" என்றாள். மீன்களையும் அவரைத் தினமும் எண்ணச் சொன்னாள். எண்ணியதில் வாயில் பெயர்களும் வந்தன. முதலில் வந்தது 'மோலி'. என் பெயர் வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன்!

அந்த நாலு நாளில் நாங்கள் இழந்தவை டிஸ்கஸ் ஆறு, டெட்ரா இருபதுக்கு மேல். கௌராமியும் ஃபைட்டரும் ஒன்றுகூடச் சாகவில்லை. அவற்றுக்குத் தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது; மேலே வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊர்க்காரர்கள் இவற்றை வளர்ப்பதே புத்திசாலித்தனம். டிஸ்கஸை நான் மறுபடி வாங்கவில்லை. அழகுதான், ஆனால் அந்த விலைக்கு ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம்.

தீனி போடுவது இன்று வரை இவர் பொறுப்பு. வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குருணையைக் கிள்ளி எடுக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் உத்தரவு. முதல் ஆறு மாதம் பாதி தரையில் சிந்தியது. எறும்புகளுக்குக் கொண்டாட்டம். இப்போது சட்டைப் பித்தானில் மேல் இரண்டைத் தானே போட்டுக்கொள்கிறார். கை முழுசாகச் சரியாகவில்லை, ஆகாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

வாரா வாரம் ஒவ்வொரு தொட்டியிலும் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் முழுக்கக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போகிறது. உரமே வாங்குவதில்லை. கப்பிக் குஞ்சுகளைக் கொளத்தூர்க் கடைகளில் எடுத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது கரண்ட் பில்லுக்குச் சரியாகப் போகும், சில மாதம் கொஞ்சம் மிஞ்சும்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. பிளக் பாயிண்டுகளை நாலடி உயரத்தில் வையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயர் வழியே வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் மீன் அறை வேண்டவே வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள்; லேசில் ஆறாத ஒரு தோல் தொற்று மீன் தொட்டியிலிருந்து வரும். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் வழக்கமும் கூடாது. அறையில் ஈரம் தேங்கிச் சுவர் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கத் தொட்டிகளுக்கு மூடியும், ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஏஞ்சல் ஜோடி கடப்பாக்கல் துண்டில் முட்டை ஒட்டியிருக்கிறது. இரண்டு மூன்று நாளில் பொரியும்; அதற்கப்புறம் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்துப் பசிக்கும். அதற்குள் ஆர்ட்டீமியா தயாராக வேண்டும். உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டுக் காற்று விட்டால் ஒன்று, ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். புட்டியைக் கழுவிச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். "கல்லு உப்பு... தீந்துபோச்சு" என்று காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டார். கடைக்குப் போக வேண்டும்.