தில்லை மரத்தடியில் ஒரு பாடம்

கழியும் கரையும் – 9

சென்ற வாரம் கீழணையில் நின்று கொள்ளிடத்தைப் பார்த்தோம். அங்கே தேக்கிய நீர் வயலுக்கும் வீராணத்துக்கும் போனது போக, மிஞ்சியது கடலைத் தேடி ஓடுகிறது. இந்த வாரம் அது கடலைத் தொடும் இடத்துக்கு வந்திருக்கிறோம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக வந்தால் படகுத்துறை. துடுப்புப் படகில் ஏறி, சுரபுன்னை வேர்கள் வளைந்து இறங்கும் சந்து ஒன்றுக்குள் நுழைந்தோம். பழுத்துச் சிவந்த இலைகளோடு ஒரு மரம் கரையோரம் நின்றது. கையை நீட்டினேன். படகோட்டி துடுப்பை நிறுத்தினார்.

“ஒடிச்சிராதீங்கண்ணே. அது தில்லை. பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்.”

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம் இதுதான். தில்லைவனத்தில்தான் கூத்தன் ஆடினான் என்கிறது தலபுராணம். இன்று கோயிலைச் சுற்றி அந்த வனம் இல்லை. மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே கழிமுகத்துக்குத்தான் வர வேண்டும். ஊர் பெயரை வைத்துக்கொண்டது, காடு மரத்தை வைத்துக்கொண்டது.

நற்றிணையின் 195ஆம் பாடலிலும் இந்த மரம் வருகிறது. கொழுத்த மீனைத் தின்ற நீர்நாய்க் குட்டி ஒன்று தில்லைத் தோப்பில் போய்ப் படுத்து உறங்குகிறது. காதலில் தவிப்பவளுக்காகப் பேசும் பாட்டில் இப்படி ஒரு காட்சி. கழி, மீன், நீர்நாய், தில்லை என்று நான்கையும் ஒன்றோடொன்று கோத்துப் பார்த்த கண் அது. நெய்தல் பாடல்களில் கண்டல் மரங்கள் ஊர்த் தோட்டங்களுக்கு வேலியாகவும் நிற்கின்றன. அந்த ‘வேலி’யை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் அது தேவைப்படும்.

இந்தக் காட்டின் ஒரு பகுதி இருபதாம் நூற்றாண்டில் செத்துப்போனது. பசுமைக்கு நடுவே உப்புப் பூத்த வெட்டவெளிகள் தோன்றின. நட்ட கன்று நிற்கவில்லை, விழுந்த விதை முளைக்கவில்லை. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் இப்படி ஆனது என்பதே நெடுநாள் விளக்கமாக இருந்தது. ஏழைகள் மேல் பழி போடுவது எப்போதும் எளிது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடு சேர்ந்து இந்த வெட்டவெளிகளை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட காரணம் வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைக் கூறுகளாகப் பிரித்து, முறை வைத்து, ஒவ்வொரு கூற்றையும் மொட்டையாக வெட்டுவது நிர்வாக நடைமுறையாக இருந்தது. மலைக்காட்டில் வெட்டிய இடம் மறுபடி துளிர்க்கலாம். சதுப்பு அப்படியல்ல. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றுக்குள் இருந்த நீர் ஆவியானது. நீர் போன சேறு அமுங்கியது. சமமாக இருந்த தரை நடுவில் குழிந்து தொட்டி போலானது.

இங்கே ஓத ஏற்றம் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஒரு சாண் பள்ளம்கூடப் பெரிய பள்ளம். ஓதத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கியது காய்ந்தது, உப்பு நின்றது. அடுத்த ஓதம் மேலும் உப்பைக் கொண்டுவந்தது. உவர்நீரில் வாழப் பிறந்த மரங்களாலேயே தாங்க முடியாத அளவுக்கு உப்பு ஏறியது. காட்டைக் கொன்றது திருட்டுக் கோடாரி என்று நம்பியிருந்த காலத்தில், முறையாகக் கையெழுத்தான வேலைத்திட்டமே அதைச் செய்திருக்கிறது என்று மண் சாட்சி சொன்னது.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும். ஓதம் உள்ளே வந்து, உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். கழுவிய மண்ணில் கன்றுகளை நட்டார்கள். வாய்க்கால் தூர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஊர்க் குழுக்களை அமைத்து, வனத்துறையும் மக்களும் கூட்டாகக் காட்டைக் காக்கும் ஏற்பாடு வந்தது. வலையோ படகோ இல்லாமல், கழிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதில் சேர்ந்தார்கள். எந்தக் கால்வாயில் நீர் எந்த மாதம் எப்படி ஓடும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள்.

பலன் கிடைத்ததா என்று பார்க்கச் செயற்கைக்கோள் படங்களை எடுத்து வைத்தார்கள். 1986ஆம் ஆண்டுப் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது. அந்நிறுவனத்தின் செல்வமும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் இதைக் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு, டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஆழிப்பேரலையாக ஊருக்குள் வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கிருந்த பேராசிரியர் கதிரேசனும் உடன் ஆய்வாளர் ராஜேந்திரனும் இந்தக் கரையின் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, அடர்ந்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த இடங்களில் உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வும் கடலூர்க் கரையைப் பற்றியதே. கடலோரத்தில் திறந்து கிடந்த இரண்டு ஊர்கள் முற்றிலும் அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் அழிவிலிருந்து தப்பின என்றது அது. பாட்டில் இருந்த வேலி நிஜத்திலும் நின்றுவிட்டது என்று மனம் துள்ளுகிறது. எனக்கும் துள்ளியது.

ஆனால் ஆராய்ச்சி அங்கே நிற்கவில்லை. 2006இல் கெர், பெயர்ட், கேம்பல் என்ற மூவர் அதே 18 குடியிருப்புகளின் எண்களை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன, மேட்டிலும் இருந்தன. அந்தத் தொலைவையும் உயரத்தையும் கணக்கில் எடுத்தால், மரங்களுக்கென்று தனியாக மிஞ்சும் பங்கு மிகச் சிறிது என்றார்கள். மறுப்பும் மறுமறுப்பும் தொடர்ந்தன.

இந்தச் சர்ச்சையைப் பல்கலைக்கழகச் சண்டை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இதில் உயிர் இருக்கிறது. மரமே போதும் என்று நம்பித் தாழ்ந்த தரையில் ஒரு குடியிருப்பைக் கட்டினால், அடுத்த பேரலையில் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர்கள் அங்கே உறங்கும் குழந்தைகள். மேடும் தொலைவும் போதும், மரம் வெறும் அழகு என்று நினைத்தால், ஆண்டுதோறும் வரும் புயல் அரிப்பும் இறால் வளமும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். வீட்டை எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கும் அதிகாரிக்கு மரம், மேடு, தொலைவு மூன்றும் ஒரே தாளில் வேண்டும்.

பழைய பாட்டுக்குத் திரும்புவோம். வேலி என்ற சொல்லை நாம் சுவர் என்று படித்துவிட்டோம். கிராமத்தில் வேலி என்பது ஒருநாள் போட்டு மறந்துவிடும் பொருளா? கிளுவையோ ஒதியோ, உயிர்வேலிக்கு ஆண்டுதோறும் கழி நட வேண்டும், படல் கட்ட வேண்டும், ஆடு நுழையும் பொத்தலை அடைக்க வேண்டும். வேலிக்குள் என்ன விதைப்பது என்பதும் வேலி போட்டவரின் பொறுப்புதான். இதைத் தமிழ்த்துறை ஆய்வாளர் ஒருவர் கடல் உயிரியலாரிடம் சொல்லலாம். உப்பின் கணக்கை அவர் இவரிடம் சொல்லலாம். இருவரும் வனத்துறை அலுவலகத்துக்குச் சேர்ந்து போகலாம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே தமிழும் இசையும் வேளாண்மையும் பொறியியலும் கடல் உயிரியலும் கூடி இருக்கும் ஊர் இது. வேறெந்த ஊருக்கு இது எளிது?

பல்துறை ஆய்வு என்று இன்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறோம். பத்துத் துறைக் கட்டுரைகளை ஒரே தொகுப்பில் கட்டுவது தையல்காரரின் வேலை. ஒரு துறையின் விடையை இன்னொரு துறை கேள்வி கேட்டுத் திருத்துவதுதான் ஆய்வு. பிச்சாவரத்தில் மண்ணியல் நிர்வாகத்தைத் திருத்தியது. புள்ளியியல் உயிரியலைக் கேள்வி கேட்டது. இருளரின் கால் வாய்க்காலின் போக்கைச் சொன்னது.

2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் மேலே ஆற்றில் நன்னீர் வரத்து குறையக் குறைய, உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் பெருகி, மென்மையான இனங்கள் ஒடுங்குகின்றன. கடல்வாய் மணலால் அடைபடுகிறது. மீன்முள் வாய்க்கால்களும் சேற்றால் தூர்கின்றன.

திரும்பும் வழியில் அப்படி ஒரு கிளை வாய்க்காலைப் படகோட்டி காட்டினார். பாதி மூடிக் கிடந்தது. “வெட்டிவிட்டா தண்ணி தானா வரும்ணே,” என்றார். வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

(அடுத்த வாரம்: கடலூர் சிப்காட் – காற்றின் நாற்றத்தை நாள்குறிப்பில் எழுதி வைத்த ஊர்மக்கள்)