நிறம் பிறக்கும் பருவம்

ஒகேனக்கல்லுக்கு வரும் யாத்ரிகர்கள் அருவியில் நீராடி, பரிசலில் சென்று வந்தபின், காவிரிக் கரையில் மசாலா தடவிப் பொரிக்கும் மீனை உண்டு திரும்புவது வழக்கம். அந்தக் கரையில் ‘ஜிலேபி’ என்ற பெயரோடு வாணலிக்கு வரும் மீன், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 1952-ஆம் ஆண்டில் நமது தேசத்துக்குக் கொண்டுவரப்பட்டது; சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் நாம் ஆசையோடு வளர்க்கும் ஏஞ்சலும் ஆஸ்காரும் அதே குடும்பத்துப் பந்துக்களே.

இக்குடும்பத்துக் குஞ்சுகளை வளர்ப்போருக்கு எழும் சந்தேகம் ஒன்று உண்டு: நிறம் வரத் தொடங்கும்போது அவற்றை ஒன்றாகவே விட்டுவைப்பதா, பிரித்து வைப்பதா? விடை காண, அந்த நிறம் எதன் பொருட்டு வருகிறது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

ஜிலேபியையே உதாரணமாகக் கொள்வோம். தாய், முட்டைகளை வாயில் வைத்து அடைகாத்து, பொரித்த குஞ்சுகளையும் ஆபத்து நேரும்போது வாய்க்குள் வாங்கிக் காக்கிறது. அக்குஞ்சுகள் ஆண், பெண் என்ற பேதம் தோன்றாமல், வெள்ளி மேனியில் மங்கலான பட்டைகளுடன் கூட்டமாகத் திரிகின்றன. பிராயம் வந்தபின், ஆழமற்ற நீரில் குழி பறித்து அதைத் தன் ராஜ்யமாக்கிக்கொண்ட ஆணின் உடல் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்போரம் சிவக்கிறது. இடம் கிடைக்காத ஆணோ, வயதில் குறைந்ததன்றாயினும், பெண்ணின் சாம்பல் நிறத்திலேயே அடங்கி வாழ்கிறது. ஆகவே நிறம் வயதின் விளைவு மட்டுமன்று. தன் சமூகத்தில் அந்த மீன் அடைந்த ஸ்தானத்தின் அடையாளமும் ஆகும்.

டாங்கனிக்கா ஏரியின் பர்ட்டோனி என்னும் சிக்லிட்டை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் ஃபெர்னால்டும் அவருடைய சகாக்களும் இவ்வுண்மையை நிரூபித்தார்கள். முதிர்ந்த ஆண்களின் நடுவே வளரும் இளம் ஆண்களின் பருவ வளர்ச்சி தாமதப்படுகிறது. ஆதிக்கம் செலுத்தும் ஆணை அகற்றினால், அடங்கியிருந்தது சில நிமிஷங்களிலேயே நிறம் கொண்டு எழ, நாளடைவில் அதன் மூளையில் இனவிருத்தியை நடத்தும் நரம்பணுக்களும் அளவில் பெரிதாகின்றன.

ஆதலால் குஞ்சுப் பருவத்தில், உருவத்தில் ஒத்தவற்றை ஒன்றாக வளர்ப்பதே உசிதம். பெரியவை தீனியைப் பறித்துக்கொள்வதோடு, சில இனங்களில் சிறியவற்றையே விழுங்கிவிடவும் கூடும். முதல் ஆண் நிறம் காட்டும் வேளையில்தான் கவனம் தேவை. துடுப்புக் கிழிந்து, மூலையில் ஒதுங்கி, தீனிக்கும் வராத மீனைத் தாமதமின்றிப் பிரிக்க வேண்டும். தொட்டியில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் வைத்தால் பலவானின் கோபம் முழுவதும் ஒன்றின்மேலேயே விழும். விசாலமான தொட்டியில் கல் மறைவுகளும் பல மீன்களும் இருப்பின் அது சிதறிப்போகும். ஏஞ்சல் போன்ற இனங்களில் ஐந்தாறு குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்தால் அவை தாமாகவே துணையைத் தேர்ந்துகொள்ளும். ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை வேறிடம் மாற்றினால் போதும்.

அவ்வாறு பிரித்ததற்கு இடமில்லையே என்று, கருணையின் பெயரால் அதைக் காவிரியில் விட்டுவிடும் எண்ணம் மட்டும் எவருக்கும் வரலாகாது. சில மாதங்களிலேயே பருவமெய்தி, குஞ்சுகளை வாயில் காத்துப் பெருகும் ஜிலேபி, நமது நீர்நிலைகளில் சுதேச மீன்களின் உணவிலும் இடத்திலும் பங்கு கொண்டுவிட்டது; அதற்கு மேலும் ஒரு போட்டியை ஆற்றுக்கு நாம் அனுப்ப வேண்டுமா? நிறத்தின் அழகுக்காக ஓர் உயிரை வளர்ப்பவர், அந்நிறம் மலர இடமளிக்கவும், இயலாதபோது அதைக் கடைக்காரரிடமோ வேறொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்கவும் கடமைப்பட்டவர்.